கடைசற்பொறியும் அதன் கவ்வுதாடைகளும்

தமிழாசிரியர்க்குக் கடைசற்பொறியோடு யாது தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் வினவுதல் கூடும். தொடர்பு சொல்லிலேயே இருக்கின்றது. தயிரைக் கடைவதும், மரத்தைக் கடைவதும், உலோகத்தைக் கடைவதும் நம் மொழியில் ஒரே வினையாற் கூறப்படுவன. திருத்தமான வடிவத்தைக் கண்டவிடத்து, 'கடைந்தெடுத்தாற் போல இருக்கின்றது' என்று வியக்கின்றோம். இவ்வொற்றுமை வெறும் சொல்லொற்றுமையன்று. மத்திற் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பதைப் போலவே, பழைய கடைசற்காரனும் தண்டிற் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுப்பித்தான். பொருள் தன்னை நோக்கிச் சுழலும் வேளையில் உளியை வைத்தான். மறுபுறம் சுழலும் வேளையில் உளியை விலக்கினான். பொறி ஒரே திசையில் இடையறாது சுழல்வதும், கையாற் பிடித்த உளியைப் பொறியே பிடித்துச் செலுத்துவதும் பின்னர் வந்த திருத்தங்களாம். இங்கிலாந்தின் ஹென்றி மோட்ஸ்லி என்பார் 1800ஆம் ஆண்டையொட்டி ஆக்கிய புரிவெட்டும் கடைசற்பொறி அத்திருத்தங்களுள் தலையாயது.

பொறி எத்துணைத் திருந்திய போதிலும் ஒன்று மாத்திரம் மாறவில்லை. கடையப்படும் பொருள் அசையாது பிடிக்கப்பட வேண்டும். பாற்கடலைக் கடைந்த கதையிலும், மத்தாகிய மந்தரமலை நிலைகொள்ளாது அமிழ்ந்ததன்றோ? ஆமையாய்த் திருமால் கீழிருந்து தாங்கிய பின்னரே கடைதல் நடந்தது. இக்காலக் கடைசற்பொறியிலே பொருளைப் பற்றும் தொழிலைச் செய்வது 'சக்கு' எனப் பட்டறைகளில் வழங்கும் கவ்வியாகும். அச்சக்கின் தாடைகளை வீட்டுப் பட்டறையிலேயே ஆக்கிக்கொள்ளவும் திருத்திக்கொள்ளவும் இயலும். அங்ஙனம் செய்யும் முறையையும், அம்முறைக்கு அடிப்படையான காரணத்தையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வீட்டுப் பட்டறை என்றவுடன் இது பெருந்தொழிற்சாலைக்குரிய செய்தியாயிற்றே என மாணவர் மலைத்தல் வேண்டா. இங்கிலாந்திலே பகலில் அலுவலகத்திலும் பள்ளியிலும் கடமையாற்றிவிட்டு, மாலையிலே வீட்டின் பின்புறக் கொட்டிலில் சிறு நீராவிப் பொறிகளையும் மணிக்கூடுகளையும் ஆக்கி மகிழ்வோர் பல்லாயிரவர். இவர்களுக்காகப் பேர்சிவல் மார்ஷல் என்பார் 1898இல் ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். 'மொடல் எஞ்சினியர்' என்ற பெயர் அவர்களிடையே பெரிதும் போற்றப்படுவது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் நொட்டிங்காம் நகரையடுத்த பீஸ்ரனிலிருந்து வெளிவந்த 'மைபோட் எம்.எல். 7' என்னும் சிறு கடைசற்பொறி இத்தகையோர் வீடுகளிற் பெருவழக்காயிற்று. படுகையின் மேல் அதன் மைய உயரம் மூன்றரை அங்குலமே. அதனை ஆக்கிய பீஸ்ரன் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டதாயினும், அப்பொறிகள் இன்றும் பல கொட்டில்களிற் சுழல்கின்றன. பொறி நெடுங்காலம் உழைக்கின்றது. சக்கின் தாடைகளோ அதற்கு முன்னரே தேய்ந்து விடுகின்றன. ஆதலின் தாடையைத் திருத்தும் வித்தை வீட்டுப் பட்டறையாளர்க்கு இன்றியமையாததாயிற்று.

சக்கின் அமைப்பு

பெருவழக்கிலுள்ள சக்கு மூன்று தாடைகளை உடையது. அதன் உடலின் முகத்திலே மையத்தை நோக்கி மூன்று தவாளிப்புகள் சமகோணங்களில் வெட்டப்பட்டிருக்கும். தாடைகள் அத்தவாளிப்புகளில் வழுக்கி நகரும். உடலினுள்ளே ஒரு வட்டு உண்டு. அதன் முன்முகத்தில் நுளம்புச்சுருள் போன்றதொரு சுருட்புரியும், பின்முகத்தில் சரிவுப் பற்களும் வெட்டப்பட்டுள்ளன. சக்குத் திறப்பை உடலின் பக்கத்துளையில் இட்டுத் திருகினால், சிறு பற்சில்லொன்று அவ்வட்டைச் சுழற்றும். வட்டின் சுருள் தாடைகளின் முதுகிலுள்ள பற்களைத் தள்ளும். மூன்று தாடைகளும் ஒருங்கே மையத்தை நோக்கியோ மையத்தை விட்டோ நகரும். சுருளானது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு தூரம் விலகிச் செல்வதாதலின், மூன்று தாடைகளின் நகர்ச்சியும் ஒத்திருக்கின்றது. ஆக்கிமிடீசு ஆராய்ந்த சுருளியே இது. கேத்திரகணித வகுப்பிற் கண்ட வளைகோடு பட்டறையிலே பணிசெய்யும் விதத்தை மாணவர் இதிற் காணலாம். இத்தகைய சுருட்சக்கைப் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவாக்கியவர்களுள் அமெரிக்காவின் சைமன் பெயார்மன் குறிப்பிடத்தக்கவர்.

தாடைகளிலே 1, 2, 3 என எண்கள் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். அவை அழகுக்காக இட்டவை அல்ல. சுருளின் ஒரே புரி முதலாந் தவாளிப்பிலிருந்து இரண்டாவதற்கு வரும்போது மூன்றிலொரு பங்கு தூரம் நகர்ந்து விடுகின்றது; மூன்றாவதற்கு வரும்போது மூன்றில் இரு பங்கு நகர்ந்து விடுகின்றது. ஆகவே ஒவ்வொரு தாடையின் பல்லும் அதற்கேற்பத் தள்ளி வெட்டப்பட்டுள்ளது. தாடைகளைக் கழற்றித் துடைத்து மீளப் பூட்டும்போது, சுருளின் வெளிமுனை முதலாந் தவாளிப்பை அணுகியவுடன் முதலாந் தாடையையும், அடுத்து இரண்டாவதையும், பின் மூன்றாவதையும் முறையே செருகவேண்டும். வரிசை பிறழ்ந்தால் தாடைகள் மையத்திற் கூடா.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. சுருளின் வளைவு மையத்தருகே நெருக்கமாயும் விளிம்பருகே அகன்றும் இருக்கின்றது. ஒரே பல் இவ்விரண்டிடத்தும் சிக்காது செல்ல வேண்டுமாயின், அப்பல் பிறைபோல வளைந்திருத்தல் வேண்டும். இக்காரணத்தால் தாடையை முன்பின்னாகத் திருப்பிச் செருக முடியாது. வெளிப்புறத் தாடைத் தொகுதி வேறாக வேண்டப்படும். இப்பற்களைப் புதிதாக வெட்டுதல் வீட்டுப் பட்டறைக்கு எளிதான காரியமன்று. ஆகையால் வீட்டுப் பட்டறையாளர் பல்லுள்ள அடிப்பகுதியை அவ்வாறே விடுத்து, பொருளைக் கவ்வும் மேற்பகுதியையே ஆக்குகின்றனர், அல்லது திருத்துகின்றனர். சில சக்குகளிலே தாடை இரு துண்டுகளாகவே அமைந்திருக்கும். பற்களையுடைய அடித்தாடை நிலையானது. அதன்மேற் புரியாணிகளாற் பூட்டப்படும் மேற்றாடை வேண்டியவாறு மாற்றப்படுவது. அத்தகைய சக்கை உடையோர்க்கு வேலை பாதி முடிந்தாற் போலவாம்.

தாடை பழுதுறும் வகை

புதிய சக்கும் பிழையற்றதன்று. நேரான உருளையொன்றைக் கவ்வச்செய்து டயல் மானியை அதன் மேல் வைத்துச் சுழற்றினால், முள் ஒரு சுற்றிலே 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் வரை அசைதல் இயல்பே. உருளையின் மையம் அவ்வசைவின் பாதியளவு விலகியிருக்கின்றது என்பது அதன் பொருள். பொருளைக் கழற்றாமலே முழு வேலையையும் முடிப்பதாயின் இவ்விலகலாற் கேடில்லை. ஒருபுறத்தைக் கடைந்த பின் திருப்பிப் பிடித்து மறுபுறத்தைக் கடையும்போதுதான் இரு புறங்களின் மையங்களும் ஒன்றாது போகின்றன.

நாட்செல்ல வேறொரு குறை தோன்றும். தாடையின் வாய்ப்புறம் அதிகம் உழைத்துத் தேய்கின்றது. தாடையைத் தாங்கும் தவாளிப்பும் தளர்கின்றது. அப்பொழுது பொருளை இறுக்கினால் தாடையின் உட்புறமே கவ்வும். வாய்ப்புறம் விரிந்து நிற்கும். கடையும்போது பொருள் நடுங்கும். வெட்டிய மேற்பரப்பு அலையலையாய்த் தோன்றும். மெல்லிய தாளொன்றைப் பொருளுக்கும் தாடைவாய்க்குமிடையே நுழைத்துப் பார்த்தால் இக்குறை புலப்படும். தாள் தடையின்றி நுழையுமாயின் தாடை வாய் விரிந்தது என்று துணியலாம்.

இக்குறைகளுக்கெல்லாம் மருந்து ஒன்றே. தாடை எந்தச் சக்கிலே, எந்த இடத்திலே, எவ்வளவு விசையோடு பொருளைக் கவ்வப் போகின்றதோ, அதே சக்கில், அதே இடத்தில், அதே விசையைத் தாங்கிய நிலையில் அத்தாடையைக் கடைய வேண்டும். வேறோரிடத்தில் எவ்வளவு நுட்பமாகச் செய்து கொணர்ந்து பூட்டினாலும், பூட்டிய இடத்திலுள்ள பிழைகள் யாவும் அதனோடு சேர்ந்துகொள்ளும். பூட்டிய இடத்திலேயே கடைந்தாலோ, சுருளின் பிழை, தவாளிப்பின் தளர்வு, சுழல்தண்டிற் சக்கு அமர்ந்த பிழை ஆகிய யாவும் கடைசலினுள் அடங்கிப் போகின்றன. மேல்வருவன யாவும் இவ்வொரு விதியின் விரிவே.

மென்தாடை ஆக்கும் முறை

கடைபவர் தம் உளியால் வெட்டத்தக்க மெல்லிய உலோகத்தாலான தாடை மென்தாடை எனப்படும். மென்னுருக்கும் அலுமினியமும் இதற்கேற்றவை. பித்தளை போன்ற பொருள்களின் மேற்பரப்பில் வடுப்படாமற் கவ்வ அலுமினியம் நன்று. நெடுநாளுழைக்க மென்னுருக்கு நன்று. முதன்முறை செய்வோர் அலுமினியத்தையே கொள்க.

இருதுண்டுத் தாடையுள்ள சக்குக்கு மென்தாடை ஆக்குவதை முதலிற் கூறுவோம். ஒரே சட்டத்திலிருந்து மூன்று துண்டுகளை அறுத்து, முகங்களைச் சதுரமாக அராவியோ கடைந்தோ ஒத்த உயரமுடையன ஆக்குக. அடித்தாடையின் மேலுள்ள நெடுங்குமிழும் குறுக்குத் தவாளிப்பும் எவ்வளவின என்பதை வேணியர் இடுக்கிமானியால் அளந்து, அவற்றுக்குப் பொருந்துமாறு ஒவ்வொரு துண்டின் அடியிலும் வெட்டுக. தனியே சீவற்பொறி இல்லாதோர், கடைசற்பொறியின் குறுக்குச் சறுக்கியில் நிலைக்குத்துச் சறுக்கியொன்றைப் பூட்டி, துண்டை அதிற் கவ்வுவித்து, சுழல்தண்டிற் பூட்டிய பல்வெட்டியால் இத்தவாளிப்பை வெட்டலாம். மைபோட் பொறியாளர் பலர் இவ்வழியையே கைக்கொண்டனர். தவாளிப்பு தளர்வாக இராது, கையாலழுத்தினால் உட்செல்லும் அளவில் இருத்தல் வேண்டும். ஏனெனில் பொருளை இறுக்கும் விசை முழுவதையும் இப்பொருத்தே தாங்குகின்றது. புரியாணிகளின் வேலை துண்டை அடித்தாடையோடு அழுத்தி வைத்திருப்பதே.

அடுத்து, புரியாணிகளுக்குரிய துளைகளை இட்டு, ஆணித்தலை மேலெழாமல் அமிழும்படி துளைவாயை அகலமாக்குக. மூன்று துண்டுகளிலும் 1, 2, 3 என எண் பொறித்து, அவ்வவ்வெண்ணுள்ள அடித்தாடையிலேயே எந்நாளும் பூட்டுக. பூட்டுமுன் அடித்தாடையையும் துண்டின் அடியையும் நன்கு துடைத்தல் அவசியம். இடையிலே சிக்கிய ஓர் உலோகச்சீவல் செய்த நுட்பம் முழுவதையும் கெடுத்துவிடும்.

ஒரே துண்டாலான தாடையுள்ள சக்கை வைத்திருப்போர்க்கு வழி இரண்டு உள. அவ்வகைச் சக்குக்கே பற்கள் வெட்டப்பட்டு, மேற்பகுதி வன்மையாக்கப்படாத தாடைத் தொகுதி சில சக்குகளுக்கு விலைக்குக் கிடைக்கும். அதனை வாங்கிக் கடைந்துகொள்ளுதல் ஒரு வழி. தேய்ந்து கழிக்கப்பட்ட பழைய தொகுதியொன்றைத் திருத்துதல் மற்றொரு வழி. பழைய தாடையின் படிகளைச் சாணைக்கல்லால் மட்டமாகத் தேய்த்து, அதன்மேல் மென்னுருக்குத் துண்டொன்றைப் பூட்டுவர். சில தாடைகளிலே வன்மை மேற்றோலளவில் மாத்திரம் உள்ளது. அத்தோல் தேய்ந்தபின் துளையிடல் இயலும். முழுவதும் வன்மையாக்கப்பட்டதாயின் காபைட்டு முனையுடைய துளைகருவி வேண்டும். துளையிடுவது எளிதாகட்டும் என்று தாடை முழுவதையும் நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சுதல் கூடாது. பற்களின் வன்மையும் அதனோடு நீங்கிவிடும், வடிவமும் கோணலாகும்.

சுமையேற்றிக் கடைதல்

துண்டுகளைப் பூட்டியாயிற்று. இனிக் கடைதல் வேண்டும். இவ்விடத்திலேதான் புதியவர் பலர் இடர்ப்படுவர். தாடைகள் எதனையும் கவ்வாது வெறுமனே நிற்கையிற் கடைந்தால், சுருளுக்கும் பல்லுக்குமிடையேயுள்ள தளர்வு எப்பக்கம் சாய்ந்திருக்கின்றது என்பது தெரியாது. பின்னர்ப் பொருளை இறுக்கும்போது ஒவ்வொரு தாடையும் தன் தளர்வின் அளவுக்கு வெவ்வேறு தூரம் பின்வாங்கும். கடைந்த வட்டம் கலைந்து போகும். ஆதலின் கடைகின்ற வேளையிலும் தாடைகள் எதையேனும் இறுகக் கவ்வியிருத்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவோம். வெளிவிட்டம் 40 மில்லிமீற்றர் உள்ள பித்தளை வளையங்கள் பலவற்றைப் பிடிக்கவேண்டியுள்ளது எனக் கொள்க. மென்தாடையின் உயரம் 25 மில்லிமீற்றர். 36 மில்லிமீற்றர் விட்டமும் 6 மில்லிமீற்றர் தடிப்பும் உடைய உருக்கு வட்டொன்றைத் தாடைகளின் உட்புறத்தில் வைத்து இறுக்குக. இப்பொழுது தாடைகள் சுமையேற்றப்பட்டு நிற்கின்றன. வட்டுக்கு முன்னேயுள்ள பகுதியை வாயிலிருந்து 8 மில்லிமீற்றர் ஆழத்துக்கு, 40 மில்லிமீற்றர் விட்டமாக உட்கடைக. அதன்பின் வட்டை எடுத்துவிட்டு, பித்தளை வளையத்தை அப்படியில் அமர்த்தி இறுக்கினால், தாடைகள் வட்டைக் கவ்விய அதே நிலைக்கே திரும்ப வருகின்றன. சுருளின் அதே இடம், தளர்வின் அதே பக்கம், ஏறத்தாழ அதே விசை. ஆகவே வளையத்தின் மையம் சுழல்தண்டின் மையத்தோடு பொருந்துகின்றது. படியின் அடிமுகமும் அதே வேளையிற் கடையப்பட்டமையால், வளையம் அதன்மேற் சாயாது நேராக அமரும். படியின் மூலையிலே சிறு தவாளிப்பொன்று இடுதல் நன்று. பிசிறும் சீவலும் அதனுள் ஒதுங்கும்.

பொருளை உட்புறத்திலிருந்து விரித்துப் பிடிப்பதாயின் இம்முறையை மறுதலையாகக் கொள்க. தாடைகளைச் சூழ ஒரு வளையத்தை இட்டு, அவ்வளையத்தினுள்ளே தாடைகளை வெளிநோக்கி இறுக்கி, அவற்றின் வெளிமுகத்தைக் கடைதல் வேண்டும். எத்திசையிற் கவ்வப் போகின்றதோ அத்திசையிலேயே சுமையும் இருத்தல் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

மூன்று தாடைகளுக்கும் இடையே வெளியிருத்தலால் உளி ஒவ்வொரு சுற்றிலும் மும்முறை மோதி வெட்டுகின்றது. ஆதலால் வேகத்தைக் குறைத்து, உளியைத் தாங்கியிலிருந்து இயன்றவரை குறுக நீட்டி, சிறிது சிறிதாகவே வெட்டுக. மென்னுருக்கை உயர்வேக உருக்குளியால் இடையறாது கடையும்போது நிமிடத்துக்கு 25 மீற்றர் வெட்டுவேகம் பொருந்தும். 40 மில்லிமீற்றர் விட்டத்துக்கு அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று. மோதி வெட்டும் இவ்வேலைக்கு 120 முதல் 150 சுற்று போதும்.

விட்டத்தை எவ்வளவு நுட்பமாகக் கொள்வது என்னும் வினா எழும். தாடையிற் கடைந்த வட்டம் பொருளின் விட்டத்தினும் பெரிதாயின், ஒவ்வொரு தாடையும் தன் நடுக்கோட்டில் மாத்திரம் பொருளைத் தொடும். சிறிதாயின் இரண்டு ஓரங்களிலும் தொட்டு வடுப்படுத்தும். ஒத்த விட்டமாயின் முகம் முழுவதும் படியும். ஆகவே பொருளின் விட்டத்தை நுண்மானித் திருகுக்கணிச்சியால் அளந்து, அதே விட்டத்துக்குக் கடைதலே தக்கது. தாடையை ஒருமுறை கழற்றி மீளப் பூட்டினால் மேலும் ஒரு மெல்லிய வெட்டு வெட்டவேண்டும். மென்தாடை இங்ஙனம் வெட்ட வெட்டக் குறைந்து கடைசியில் முடிந்துபோவது. அதற்கு வருந்துதல் வேண்டா.

மெல்லிய வளையமும் மறைந்த பிழையும்

மென்தாடையின் பயன் மையத்தை ஒருக்குவதோடு அமைவதன்று. மெல்லிய சுவருள்ள வளையத்தைச் சாதாரணத் தாடைகளால் மூன்றிடத்தில் இறுக்கினால், அம்மூன்றிடத்திலும் சுவர் உள்நோக்கி வளைகின்றது. வளைந்த நிலையிலேயே உட்புறத்தை வட்டமாகக் கடைகின்றோம். பொறியில் இருக்கும்வரை அது குற்றமற்ற வட்டமே. தாடைகளைத் தளர்த்தியவுடன் சுவர் தன் பழைய நிலைக்கு மீளுகின்றது. தாடைகள் அழுத்திய மூன்றிடங்களும் வெளியே தள்ளுகின்றன. வட்டம் முக்கோணச் சாயலைப் பெறுகின்றது.

இதனினும் வியப்பானது, அப்பிழை அளவுக்கு அகப்படாமை. தாடை அழுத்திய இடத்துக்கு நேரெதிரே இருப்பது இரண்டு தாடைகளுக்கு நடுவிலுள்ள இடம். ஓரிடம் வெளியே தள்ளியிருக்க, எதிரிடம் அதற்கேற்ப உள்ளே ஒடுங்கியிருக்கின்றது. இரண்டையும் சேர்த்து விட்டமாக அளக்கும் கருவி, எப்பக்கம் திருப்பி அளந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவையே காட்டும். செய்தவர், 'வட்டமே' என்று மனமமைவர். வளையத்தினுள் உருளையொன்றைச் செருகிச் சுழற்றும்போது அது சிக்கும். உருளையின்மேல் மெல்லிதாக மைபூசிச் செருகி எடுத்தால், மை மூன்றிடத்தில் மாத்திரம் ஒற்றியிருத்தலைக் காணலாம். பிடியிலிருந்தபோது சரியாயிருந்தது விடுபட்டபோது பிழையாயிற்று. அளவுகோலும் அதனைக் காட்டவில்லை. கையாற் செய்து பார்த்தார்க்கன்றி இந்நுட்பம் எளிதில் மனத்திற் பதிவதில்லை.

இதற்குப் பரிகாரம் அகன்ற மென்தாடைகளே. வெட்டிய அப்பத்தின் மூன்று துண்டுகளைப் போல ஒன்றையொன்று நெருங்கும் அகலமுடைய தாடைகளை ஆக்கி, வளையத்தின் விட்டத்துக்கே கடைந்தால், அவை வளையத்தைச் சுற்றிலும் தழுவிப் பிடிக்கின்றன. அதே விசை பெரும்பரப்பிற் பகிரப்படுவதால் ஓரிடத்தும் சுவர் குழிவதில்லை. மிதமாக இறுக்கினாலே போதிய பிடியும் கிடைக்கின்றது.

வன்தாடையைச் சாணைபிடித்தல்

வாய் விரிந்த வன்தாடையை உளியால் வெட்ட முடியாது. உளிதாங்கியிற் சிறு சாணைப்பொறியைப் பூட்டி, சக்கு மெதுவாகச் சுழல, ஒவ்வொரு முறையும் 0.01 மில்லிமீற்றர் அளவே நீக்கித் தேய்த்தல் வேண்டும். இங்கும் சுமையேற்றும் விதியே தலையாயது. தாடையின் உட்புறத்தில் ஒரு வட்டை வைத்து இறுக்கித் தேய்த்தால், வட்டு நிற்குமிடம் தேயாது எஞ்சும். அன்றியும், உட்புறத்தில் அழுத்தும்போது தாடை சாயும் விதம் வேறு. வாய்ப்புறத்தில் அழுத்தும்போது சாயும் விதம் வேறு. உட்சுமையோடு தேய்த்த தாடை நேராய்த் தோன்றினும், வாயிற் பொருளைக் கவ்வியவுடன் மீண்டும் விரியும். ஆகவே அறிந்தோர், தாடைகளின் முன்பக்கத்தைப் பற்றுமாறு மூன்று பள்ளங்கள் வெட்டிய தட்டொன்றை ஆக்கி, அதன்மூலம் வாயருகே சுமையேற்றி, உள்முகம் முழுவதும் வெளிப்பட்டிருக்கச் சாணை பிடிப்பர்.

சாணைத்தூள் பொறிக்குப் பகை. படுகையையும் சறுக்கிகளையும் ஈரத்துணியால் மூடி, வேலை முடிந்ததும் சக்கைக் கழற்றி உட்புறம் முழுவதையும் கழுவித் துடைத்தல் வேண்டும். இத்தனை செய்தும், சாணைபிடித்த விட்டத்தையொட்டிய அளவுகளிலேயே மையம் நன்கு பொருந்தும். சுருள் ஓரிடத்தில் அதிகம் தேய்ந்திருப்பின் ஏனைய விட்டங்களிற் பழைய விலகல் ஓரளவு இருந்தே தீரும்.

எல்லா வேலைக்கும் இவ்வளவு முயற்சி வேண்டுமோ எனின், வேண்டா. ஒரே ஒரு பொருளை மையப்படுத்த வேண்டியவிடத்து, நான்கு தாடைகளும் தனித்தனியே நகரும் சக்கிற் பொருளைப் பிடித்து, டயல் மானியைப் பார்த்து ஒவ்வொரு தாடையாகத் திருத்தினாற் போதும். ஒத்த பொருள்கள் பலவற்றைப் பிடிக்கும்போதும், மெல்லிய பொருளைப் பிடிக்கும்போதும், முடிந்த மேற்பரப்பை வடுப்படாது பிடிக்கும்போதுமே மென்தாடை தன் உழைப்புக்குப் பலன் தரும்.

காப்பு

சுழலும் சக்கு இரக்கமறியாதது. திறப்பைச் சக்கிலே விட்டு ஒருகணமும் கையை எடுத்தல் கூடாது. மறந்து பொறியை முடுக்கினால் திறப்பு எறிபடையாகும். புதிய தாடைகளைப் பூட்டியவுடன், மின்னை விடுமுன் சக்கைக் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுழற்றி, தாடை எதுவும் படுகையிலோ உளிதாங்கியிலோ இடியாது என உறுதி செய்க. தாடையை ஒன்றிரண்டு பற்களில் மாத்திரம் தொங்கவிட்டு, சக்கின் விளிம்புக்கு வெளியே நீளவிடுதல் ஆபத்து. தாடைகள் மையநீக்க விசையால் வெளிநோக்கி இழுக்கப்படுகின்றன; வேகம் இருமடங்கானால் அவ்விசை நான்மடங்காகும்; தாடை பாரமாயின் இன்னும் கூடும். ஆகவே பெரிய மென்தாடைகளைப் பூட்டியபோது வேகத்தைக் குறைத்தே ஓட்டுக. சால்வைத் தலைப்பு, கழுத்துப்பட்டி, நீண்ட சட்டைக்கை, மோதிரம் என்பன பொறியினருகே வரலாகா. கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி இன்றியமையாதது.

இக்கட்டுரையிலே தவாளிப்பு, பற்சில்லு, புரியாணி, நுண்மானித் திருகுக்கணிச்சி என்னும் சொற்களை நம் வகுப்பறைகளிலிருந்தே எடுத்தாண்டோம். சக்கு, டயல் என்பவற்றைப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டோம். இரண்டும் கலந்து நிற்கையில் பொருள் விளங்காமற் போகவில்லை என்றே நம்புகின்றோம். வகுப்பறைச் சொல்லும் பட்டறைச் சொல்லும் ஒன்றையொன்று அறியாதிருப்பதனாலன்றோ, நூலிற் படித்த மாணவன் பொறியின்முன் ஊமையாகின்றான். பொறியில் வல்ல தொழிலாளி நூலின்முன் கூசுகின்றான்? நம் பழைய மாணவர்களுள் பொறித்தொழிலில் தேர்ந்தவர் இருக்கின்றனர். அவர்கள் தம் கைப்பழக்கத்தைத் தமிழில் எழுதி இனிவரும் மலர்களுக்கு உதவுதல் வேண்டும். அதனினும் முதற்கண், தேய்ந்து மூலையிற் கிடக்கும் பழைய சக்கொன்றைக் கல்லூரிக்குத் தந்து, மாணவர் அதனைக் கழற்றிச் சுருளைக் கண்டு, 1, 2, 3 என்ற வரிசையில் மீளப் பூட்டிப் பழக வழிசெய்வாராயின், அதுவே இக்கட்டுரையினும் பயன் மிக்க பாடமாகும்.